மே மாதம் ஏணி எடுக்காதீர்கள்

பிரித்தானியக் கடற்கரை ஊர்களில் சொந்தக் கூரை வைத்திருக்கும் தமிழர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் பிறந்தால் நம்மவர் நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. கூரையில் கடற்காகம் குடியேறிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கே கத்துகிறது. வாசலுக்கு வந்தால் தலையில் பாய்கிறது. கார்க் கண்ணாடி முழுக்க எச்சம். அடுத்த கேள்வி, "இதுகளைக் கலைக்க ஆரைக் கூப்பிடலாம்?" யாராவது ஒருவர் ஒரு தொலைபேசி எண் வைத்திருப்பார். இரண்டு நாளில் ஏணியும் கறுப்புப் பையுமாக ஓர் ஆள் வந்து கூட்டை அள்ளிக்கொண்டு போவார். காசு போனாலும் தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள். பதினைந்து நாளில் அதே இடத்தில் அதே சோடி புல்லைக் கொண்டுவந்து வைக்கும்.

அந்தப் பதினைந்து நாள் கணக்கைச் சொல்லத்தான் இந்த மடல். கடற்காகத்தை எல்லாரும் நேசிக்க வேண்டும் என்று கேட்க வரவில்லை. அதன் நாட்காட்டி தெரியாமல் அதோடு மல்லுக்கட்டினால் தோற்பது நாம்தான் என்று சொல்ல வந்தேன்.

நான் பறவை ஆராய்ச்சிக்காரன் இல்லை. வீட்டில் இருந்தபடி கணினி வேலை, மேசை யன்னலோரம். எதிரே ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். அதன் புகைபோக்கிக்கும் ஓட்டுச் சரிவுக்கும் இடையில் ஒரு சோடி ஆறு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறது. முதல் வருடம் எனக்கும் எரிச்சல்தான், காதில் பஞ்சு வைத்துப் படுத்திருக்கிறேன். இரண்டாம் வருடம் ஒரு பழைய தொலைநோக்கி வாங்கினேன். அதோடு எரிச்சல் போய்விட்டது என்றால் பொய். ஆனால் எதற்காகக் கத்துகிறது என்று தெரிந்துவிட்டால் அதே சத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கிறது.

முதலில் ஆளை அடையாளம் பிடித்துக்கொள்வோம். கடலோரம் வெள்ளையாக எது பறந்தாலும் நமக்குக் கடற்காகம்தான். நம் கூரைகளில் பெரும்பாலும் இருப்பது ஹெரிங் கல் என்ற இனம் (ஆங்கிலத்தில் gull என்றால் கடற்காகம்). வெளிர்சாம்பல் முதுகு, ரோஸ் நிறக் கால், மஞ்சள் அலகு, கீழ் அலகின் நுனிக்குக் கிட்ட ஒரு சிவப்புப் பொட்டு. முதுகு கருஞ்சாம்பலாகவும் கால் மஞ்சளாகவும் இருந்தால் அது லெஸ்ஸர் பிளாக்-பேக்ட் கல், நெருங்கிய சொந்தம். அதுவும் கூரைக்கு வரும். அந்தச் சிவப்புப் பொட்டை மறந்துவிடாதீர்கள், அதில் ஒரு நோபல் பரிசின் கதை இருக்கிறது.

"பெருகிப்போச்சு, அதுதான் பிரச்சினை" என்று சொல்வார்கள். ஊருக்குள் பெருகியது உண்மை. ஆனால் பிரித்தானியா முழுவதற்கும் எடுத்தால் 1969-70 கணக்கெடுப்புக்கும் 1985-88 கணக்கெடுப்புக்கும் இடையிலேயே இந்த இனம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது. 2009இல் ஆபத்தில் உள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள், இன்னும் அதில்தான் இருக்கிறது. பாறையிலும் தீவிலும் இருந்தது குறைந்து கூரையில் இருப்பது கூடியிருக்கிறது. நாம் பார்ப்பது கூரையை மட்டும்.

சட்டத்தையும் இந்த இடத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி காட்டுப் பறவையையோ, அது கட்டிக்கொண்டிருக்கிற அல்லது பாவித்துக்கொண்டிருக்கிற கூட்டையோ, முட்டையையோ அனுமதி இல்லாமல் வேண்டுமென்றே எடுப்பதும் அழிப்பதும் குற்றம். சத்தம், எச்சம், எரிச்சல் எல்லாம் அனுமதிக்குக் காரணம் ஆகாது. கறுப்புப் பை ஆள் "எல்லாம் சரி அண்ணை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு ஏணியை மடக்கிவிடுவார்கள்.

இனி நாட்காட்டி.

கடற்காகத்தின் வருடம் பெப்ரவரியில் பிறக்கிறது. குளிர் விடுவதற்கு முன்பே சோடிகள் வந்து பழைய இடத்தில் நிற்கத் தொடங்கும். கூடு இருக்காது, முட்டை இருக்காது, ஆனால் இடம் பிடித்தாகிவிட்டது. தலையைக் காலடி வரை குனிந்து, பிறகு வானத்தைப் பார்த்து எறிந்து நீளமாகக் கத்துகிறதே, அது வீட்டுப் பத்திரத்தை வாசித்துக் காட்டுவது மாதிரி. போன வருடம் குஞ்சுகளைக் கரைசேர்த்த சோடி அனேகமாக அதே துணையோடு அதே இடத்துக்கு வரும். தோற்ற சோடிதான் பிரிகிறது, இடம் மாறுகிறது. முப்பது வயது தாண்டிய ஹெரிங் கல்களைக் காலில் வளையம் போட்டு அறிந்திருக்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் கூரையில் நிற்பது உங்கள் வாடகைக்காரரைவிட நீண்ட காலம் இருக்கப்போகிற ஆள்.

மார்ச், ஏப்ரலில் எல்லைச் சண்டை. பக்கத்துக் கூரை ஆணும் நம் கூரை ஆணும் நேருக்கு நேர் நின்று முறைக்கும். அடிக்கலாமா ஓடலாமா என்று தெரியாத அந்த நேரத்தில் இரண்டும் தரையில் உள்ள புல்லை வெறியோடு பிடுங்கும். கூரையில் புல்லுக்கு எங்கே போவது? எங்கள் எதிர்க் கட்டடத்தில் பாசிதான். பிடுங்கி எறிந்த பாசி உருண்டு உருண்டு கீழே வாசலில் விழும். கட்டடக்காரர் கூரை பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒரு தடவை ஓட்டு வேலைக்காரரையே கூப்பிட்டுவிட்டார்.

ஏப்ரல் கடைசியில் பெண் வேறு மாதிரி நடக்கத் தொடங்கும். கழுத்தை உள்ளே இழுத்துக் கூனிக்கொண்டு, தலையை விட்டு விட்டு மேலே எறிந்து, குஞ்சு மாதிரி மெல்லிய குரலில் கெஞ்சிக்கொண்டே ஆணைச் சுற்றி வரும். ஆண் தொண்டையில் கொண்டுவந்ததைக் கக்கிக் கொடுக்கும். பார்க்க அருவருப்பு, ஆனால் இது சும்மா கொஞ்சல் இல்லை. ஒரு முட்டை கிட்டத்தட்ட 90 கிராம். மூன்று முட்டை என்றால் தாயின் எடையில் கால்பங்குக்கு மேல். அதை நாலைந்து நாளில் இட்டு முடிக்க வேண்டும். ஆண் எவ்வளவு கொண்டுவருகிறது என்பது அந்த முட்டைகளின் கனத்தில் தெரியும்.

முட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு இதில்தான் பைத்தியம்.

வழக்கமாக மூன்று. பாசிப் பச்சையோ மண் நிறமோ, மேலே கருந்திட்டுகள். இரண்டு நாளுக்கு ஒன்றாக இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சில மணி நேரம் உட்காரும். வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோலாக மூன்று குழி இருக்கும், ஒரு முட்டைக்கு ஒன்று. கடைசி முட்டை வரும் முன்பே அடைகாப்பு மெல்லத் தொடங்கிவிடுகிறது. அதனால் முதல் இரண்டும் அடுத்தடுத்துப் பொரிய, மூன்றாவது ஒரு நாள் அளவுக்குப் பிந்தும். போதாததற்கு மூன்றாவது முட்டை அளவிலும் சிறியது. பிந்திப் பிறந்து, சிறிதாகப் பிறந்து, சாப்பாட்டுக்கு இரண்டு அண்ணன்மாரோடு தள்ளுமுள்ளு. பல கூடுகளில் முதலில் போவது அதுதான்.

ஆனால் தாய் அதை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கருந்தலைக் கடற்காகத்தில் ஆராய்ந்தபோது, பிந்தி இடும் முட்டையின் மஞ்சள் கருவில் ஆண் ஹார்மோன்கள் கூடுதலாக இருப்பதையும், அது பிந்திய குஞ்சு சுறுசுறுப்பாகச் சண்டை பிடித்து வளர உதவுவதையும் கண்டார்கள். கடைக்குட்டிக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. இருந்தும் எல்லா வருடமும் கடைக்குட்டி பிழைப்பதில்லை. எதிர்க் கூரையில் ஆறு வருடத்தில் மூன்று குஞ்சும் பறந்ததை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

இன்னொரு வினோதம். பெற்றோருக்குத் தங்கள் முட்டை எது என்று தெரியாது. மரத்தில் செய்த முட்டையை வைத்தாலும் உட்காரும். நெதர்லாந்தின் கெரார்டு பேரென்ட்ஸ் பல வருடம் இதை வைத்தே ஆராய்ச்சி செய்தார். கூட்டு விளிம்பில் இரண்டு போலி முட்டைகளை வைத்து எதை முதலில் உள்ளே உருட்டுகிறது என்று பார்த்தார். சொந்த முட்டையைவிடப் பெரிய மர முட்டையை ஓடிப்போய் உருட்டியது. முட்டை விஷயத்தில் அவ்வளவு ஏமாளி. குஞ்சு விஷயத்தில் அப்படியில்லை. பொரித்த முதல் சில நாளில் பக்கத்து வீட்டுக் குஞ்சை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும், பிறகு தன் குஞ்சின் குரலும் முகமும் பிடிபட்டுவிடும். அதற்கப்புறம் எல்லை தாண்டி வருகிற அந்நியக் குஞ்சுக்குக் கொத்துத்தான், சில நேரம் சாவுதான். குஞ்சுகள் நடக்கத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய அதுவே. அதற்கு முன் பிள்ளை மாறுவதற்கு வழியில்லை, அதனால் அடையாளம் தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

பொரிக்க நாலு கிழமைக்குக் கொஞ்சம் கூட ஆகும். கடைசி நாட்களில் முட்டைக்குள்ளிருந்தே சத்தம் கேட்கும். உள்ளே இருப்பது வெளியே நடப்பதையும் கேட்கிறது. ஸ்பெயினின் சால்வோரா தீவில் மஞ்சள் கால் கடற்காகத்தை வைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே கூட்டின் மூன்று முட்டைகளில் இரண்டுக்கு மட்டும் பெரிய பறவைகளின் அபாயக் குரலைப் போட்டுக் காட்டி, மூன்றாவதோடு திரும்பச் சேர்த்து வைத்தார்கள். கேட்ட முட்டைகள் கூடுதலாக அதிர்ந்தன. கேட்காத மூன்றாவதும் பொரித்த பிறகு அண்ணன்மாரைப் போலவே அபாயக் குரலுக்குச் சட்டென்று பதுங்கியது. ஓட்டுக்கு ஓடு முட்டி விஷயம் கைமாறியிருக்கிறது. இதை வாசித்த இரவு நான் யன்னலை மெதுவாகத்தான் சாத்தினேன்.

சரி, அந்தச் சிவப்புப் பொட்டு.

குஞ்சு வெளியே வரும்போது கண் திறந்திருக்கும், உடம்பெல்லாம் புள்ளி போட்ட பஞ்சு. ஆனால் தானாகச் சாப்பிடத் தெரியாது. பெற்றோர் அலகைத் தாழ்த்தினால் அந்தப் பொட்டைக் கொத்தும், கொத்தினால் பெற்றோர் கக்கும். நிக்கோ டின்பெர்கன் என்ற டச்சுக்காரர் அட்டையில் கடற்காகத் தலைகள் செய்து அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுக்குக் காட்டினார். பொட்டு இல்லாத அலகைவிடச் சிவப்புப் பொட்டு இருந்ததை அதிகம் கொத்தின. தலை வெள்ளையா கறுப்பா என்பது அவற்றுக்குப் பெரிய விஷயமாக இல்லை. கடைசியில் தலையே இல்லாமல், நுனியில் வெள்ளை வளையங்கள் போட்ட மெல்லிய சிவப்புக் குச்சி ஒன்றைக் காட்டினார். உண்மையான தலையின் அச்சைவிடக் குச்சியைத்தான் ஆவேசமாகக் கொத்தின. பெர்டெக் என்பவரோடு சேர்ந்து 1950இல் அதை வெளியிட்டார். விலங்குகளின் நடத்தையைப் படிக்கிற துறைக்கே அடித்தளம் போட்டதற்காக 1973இல் கொன்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபொன் ஃபிரிஷ் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிப்ஸ் திருடி என்று நாம் திட்டுகிற பறவையின் அலகு, ஸ்டொக்ஹோம் வரை போய் வந்திருக்கிறது.

இனி நீங்கள் காத்திருக்கும் இடத்துக்கு வருகிறேன், தலையில் பாய்வது.

பொரிக்கும்போது குஞ்சு 60 கிராம் சொச்சம். ஐந்தாறு கிழமையில் பறக்கத் தயாராகும்போது ஒரு கிலோவை நெருங்கும். ஒரு கிழமைக்குள்ளேயே கூட்டை விட்டு இறங்கிக் கூரையில் நடமாடத் தொடங்கும். அப்போதுதான் பெற்றோருக்குப் பதற்றம். முட்டை என்றால் ஒரே இடத்தில் இருக்கும், மேலே உட்கார்ந்தால் போதும். நடமாடுகிற குஞ்சு எங்கே போகும், எப்போது விழும் என்று தெரியாது. அதனால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரைதான் பாய்ச்சல் உச்சம். குஞ்சு கீழே விழுந்து நடைபாதையில் நின்றால் இன்னும் மோசம். குஞ்சுக்கோழிக்குக் கிட்டப் போய்க் கொத்து வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாய்ச்சலுக்கும் படி இருக்கிறது. முதலில் கக்-கக்-கக் என்று வெட்டி வெட்டி ஒரு குரல். கேட்காவிட்டால் தலைக்கு மேலால் தாழப் பறக்கும். அதற்கும் விலகாவிட்டால் எச்சம், அதுவும் குறி பார்த்து. கடைசியில்தான் காலால் தட்டுவது, அதுவும் பின்னாலிருந்து. முதற் குரலிலேயே எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். தவிர்க்க முடியாத வாசல் என்றால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போங்கள். நம் பாட்டிமார் வெயிலுக்குப் பிடித்த மாதிரித்தான். தபால்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது.

இப்போது பதினைந்து நாள் கணக்கு.

மே 8இல் முதல் முட்டை என்று வைப்போம். 12இல் மூன்றும் முடிந்துவிடும். ஜூன் 10 அளவில் பொரிக்கும். ஜூலை 20, 25க்குள் குஞ்சுகள் பறந்துவிடும், ஓகஸ்ட் பிறக்க வாசல் அமைதி. இதில் மே 25 அன்று கறுப்புப் பை ஆள் வந்து கூட்டை அள்ளுகிறார். முட்டை போனால் இரண்டு கிழமைக்குள் அந்தப் பெண் திரும்ப இடக்கூடியது. ஜூன் 7 அளவில் புதிய முதல் முட்டை. ஜூலை 10 அளவில் பொரிப்பு. ஓகஸ்ட் 20, 25 வரை குஞ்சு கூரையில். ஜூலையோடு முடிய வேண்டிய பாய்ச்சலை, காசு கொடுத்துப் பள்ளி விடுமுறை முடியும் வரை நீட்டியிருக்கிறீர்கள். சட்டத்தையும் மீறியிருக்கிறீர்கள்.

இது கற்பனைக் கணக்கு இல்லை. மூன்று வருடம் முன்பு எதிர்க் கட்டடத்தில் இப்படியே நடந்தது, திகதிகள் மட்டும் ஒன்றிரண்டு நாள் முன்பின். ஆள் யார், அனுப்பியது யார் என்று எழுதப் போவதில்லை. ஓகஸ்ட் கடைசியில் அந்தக் குஞ்சு ஓட்டு விளிம்பில் நின்று சிறகடித்துக்கொண்டிருக்க, கீழே வாசலில் அதே கட்டடக்காரர் தலையில் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு கார் வரைக்கும் ஓடினார். எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை.

உண்மையில் ஆபத்தான இடங்களுக்கு, ஆஸ்பத்திரி வாசல் போன்றவற்றுக்கு, முறைப்படி அனுமதி கொடுப்பதும் உண்டு. அங்கேகூட விபரம் தெரிந்தவர்கள் முட்டையை அள்ளுவதில்லை. பொரிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வைப்பார்கள், அல்லது போலி முட்டையை மாற்றி வைப்பார்கள். பேரென்ட்ஸின் மர முட்டை இங்கே பிழைப்புக்கு உதவுகிறது. பறவை தெரியாமல் உட்கார்ந்தே இருக்கும், திரும்ப இடுவதற்கான காலம் கடந்துவிடும். இதைப் படித்துவிட்டு நீங்களே எண்ணெய்ப் போத்தலோடு ஏற வேண்டாம். அதற்கும் அனுமதி வேண்டும்.

"ஒரேயடியாகச் சுட்டுத் தள்ளினால் என்ன" என்று கேட்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். ஸ்கொட்லாந்தின் மே தீவில் 1972இலிருந்து சில வருடம் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். ஜோன் கோல்சன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பிறகு போய்ப் பார்த்தால், நெருக்கம் குறைந்த அந்த இடத்துக்குப் புதிதாக வந்த பறவைகள் முன்பைவிட இளம் வயதிலேயே முட்டையிடத் தொடங்கியிருந்தன. முட்டைகளும் பெரிதாகியிருந்தன. காலி வீடு மலிவு, அவ்வளவுதான்.

அதே தீவில் இன்னொன்றையும் கண்டிருக்கிறார்கள். சில குறிப்பிட்ட கடற்காகங்கள் அயலவரின் குஞ்சுகளைத் தின்றே தங்கள் குஞ்சை வளர்க்கும். ஆயிரம் சோடி நெருங்கி இருக்கிற தீவில் குஞ்சுக்குப் பெரிய எதிரி அடுத்த வீடு. நம் கூரைகள் கடற்காகத்துக்கு ஏன் பிடிக்கின்றன என்று இதிலிருந்து விளங்கும். நரி ஏறாது, எலி குறைவு, அடுத்த வீடு ஒரு தெரு தள்ளி. பற் மொனகன் என்ற ஆய்வாளர் 1970களில் சண்டர்லாந்து, சவுத் ஷீல்ட்ஸ் கூரைகளில் போய் ஆராய்ந்தது இந்த ஊர் வாழ்க்கையைத்தான்.

கடற்காகம் தானாகப் பழகியது எது, பெற்றோரிடம் படித்தது எது என்று கேட்டால் ஒரு குட்டிக் கதை சொல்வேன், மடலுக்குக் கொஞ்சம் வெளியே போனாலும். 1960களில் வேல்ஸ் கரையோரத்து ஸ்கோகோம் தீவில் மைக் ஹாரிஸ் என்பவர் ஹெரிங் கல் முட்டைகளையும் லெஸ்ஸர் பிளாக்-பேக்ட் முட்டைகளையும் கூடு மாற்றி வைத்தார். முதலாவது இனம் குளிர்காலத்திலும் ஊரை விட்டு அதிகம் போகாது, இரண்டாவது தெற்கே வெகுதூரம் போகும். மாற்றான் வீட்டில் வளர்ந்த ஹெரிங் கல் பிள்ளைகள் வளர்த்தவர்களைப் பின்பற்றித் தெற்கே போயின. வேற்றூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இதில் தனியாக யோசிக்க ஏதோ இருக்கிறது. நான் யோசித்து முடிக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கூடு வெறும் குப்பைதான், எடுக்கலாம். பழைய புல்லையும் பாசியையும் அள்ளி, தண்ணீர் ஓடும் பீலியைத் துப்புரவாக்குங்கள். அடைபட்டால் மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கும், அதற்கும் பறவையைத்தான் திட்டுவீர்கள். புகைபோக்கி உச்சியில் கம்பி முட்கள் போடுவது, தட்டைக் கூரைக்கு வலை கட்டுவது எல்லாம் இந்த மாதங்களுக்கு உரிய வேலை. வலை கட்டினால் இறுக்கிக் கட்டி வருடா வருடம் பாருங்கள். தளர்ந்த வலைக்குள் சிக்கித் தொங்குகிற பறவையை ஒரு தரம் பார்த்தவர் மறக்கமாட்டார். பெப்ரவரி பிறந்து சோடி வந்து நிற்கத் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் வேலை கடினமாகும். ஏப்ரலுக்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் வேலை.

குப்பைப் பையை முதல் நாள் இரவே வெளியே வைக்காதீர்கள். மிஞ்சியதைப் பறவைக்குப் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. காகத்துக்கு வைத்துப் பழகிய கை சும்மா இருக்காது. இங்கே அதை விட்டுவிடுங்கள். கையில் சாப்பாட்டோடு நிற்கும்போது கிட்ட வந்தால் நேராக முறைத்துப் பாருங்கள். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 2019இல் சோதித்துப் பார்த்ததில், பார்த்துக்கொண்டிருந்தால் நெருங்க அதிக நேரம் எடுத்தது, சராசரியாக 21 வினாடி கூடுதலாக. ஒரு வாய் சாப்பிட அது போதும்.

நடைபாதையில் பழுப்பு நிறத்தில், தத்தித் தத்தி, கோழியளவு ஒன்று தனியாக நின்றால் அது அனாதை இல்லை. மேலே பாருங்கள், இரண்டு பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அங்கேயே தீனியும் கொடுப்பார்கள். காயம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நடுத்தெருவில் நின்றால் மட்டும் ஓரத்துக்கு ஒதுக்குங்கள், குடையோடு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாலும் பாணும் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

இதை எழுதுவது ஒக்டோபர் நடுவில். எதிர்ப் புகைபோக்கியில் காலையில் பெண் மட்டும் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டுப் போகிறது. இந்த வருடம் தப்பியது ஒரே ஒரு குஞ்சு. பறந்து இரண்டரை மாதமாகியும் கூனிக்கொண்டு விசில் அடித்துக் கெஞ்சிப் பார்க்கிறது, தாய் திரும்பியும் பார்ப்பதில்லை. அது வெள்ளையும் சாம்பலுமாக மாறி எங்காவது ஒரு கூரையில் இடம் பிடிக்க இன்னும் நாலு வருடம் ஆகும். யாருடைய கூரை என்று தெரியாது.

என்னிடம் ஒரு நீள ஏணி இருக்கிறது. மூன்று மாடிக்கு எட்டாது, கடைக்குப் பின்னால் உள்ள தாழ்வான கூரைகளுக்கு எட்டும். ஏணியைப் பிடிக்க நானும் வருவேன். வேண்டுமென்றால் கேளுங்கள், ஜனவரி கடைசிக்குள் திருப்பித் தந்தால் சரி.

அன்புடன்,
எதிர்யன்னல்காரன்